மறையுமுன் காணும் ஒளி

நுழையும்முன்

வெறுங்கண்ணுக்கு இரவு வானம் அமைதியின் உருவாகத் தோன்றுகிறது. காமாக்கதிர்களைக் காணும் ஆற்றல் நம் கண்களுக்கு இருந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்னும் அளவில், வானின் ஏதோ ஒரு திசையில் காமாக்கதிர்கள் திடீரென வெடித்தெழுந்து அடங்குவதைக் காண்போம். அவற்றுள் சில, கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடுகின்றன. முடிந்துபோன ஒன்றின் இருப்பிடத்தை எங்ஙனம் கண்டறிவது? அவ்வினாவுக்கு விடைதேடி வானியலாளர்கள் மேற்கொண்ட நெடிய முயற்சியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தேடாமல் கிடைத்த புதிர்

வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணு ஆயுதச் சோதனைகளை நடத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963ஆம் ஆண்டு கையெழுத்தானது. அவ்வுடன்படிக்கையை எவரேனும் மீறுகின்றனரா என்பதைக் கண்காணிக்க, அமெரிக்கா 'வேலா' என்னும் செயற்கைக்கோள்களை விண்ணில் செலுத்தியது. அணுகுண்டு வெடிக்கும்போது வெளிப்படும் காமாக்கதிர்களை உணரும் கருவிகள் அவற்றில் பொருத்தப்பட்டிருந்தன.

1967 ஜூலை 2 அன்று அக்கருவிகள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தன. அஃது அணுகுண்டு வெடிப்பின் இயல்போடு பொருந்தவில்லை. பின்னரும் அத்தகைய வெடிப்புகள் பதிவாயின. அவை பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்பதை லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ரே கிளிபசாடெல், இயன் ஸ்ட்ராங், ராய் ஆல்சன் ஆகியோர் 1973இல் உலகுக்கு அறிவித்தனர். மண்ணில் நிகழும் மீறலைக் காண அனுப்பிய கண்கள், விண்ணில் நிகழும் விந்தையைக் கண்டுவந்தன.

1991இல் விண்ணில் செலுத்தப்பட்ட காம்ப்டன் காமாக்கதிர் ஆய்வுக்கூடம், ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புகளைப் பதிவுசெய்தது. அவை வானின் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருந்தன. அவை நம் பால்வெளி மண்டலத்தில் நிகழ்பவையாயின், இரவில் நாம் காணும் பால்வெளிப் பட்டையை ஒட்டியே மிகுதியாகக் காணப்பட வேண்டும். அவ்வாறு இல்லாமையால், அவை மிகத் தொலைவிலிருந்து வருகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது.

மற்றோர் உண்மையும் புலப்பட்டது. வெடிப்புகளை அவை நீடிக்கும் கால அளவைக் கொண்டு வரிசைப்படுத்தியபோது, அவை இரு கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பவை நெடிய வெடிப்புகள்; இரண்டு நொடிக்குள் அடங்குபவை குறுகிய வெடிப்புகள். இப்பாகுபாடு 1993இல் உறுதிசெய்யப்பட்டது. இருவகைக்கும் தோற்றுவாய் வேறு வேறாக இருக்கக்கூடும் என்று அறிஞர்கள் கருதினர்.

ஒளியிணை ஏன் வேண்டும்?

நள்ளிரவில் எங்கோ ஒரு வேட்டுச் சத்தம் கேட்கிறது என்று கொள்வோம். உறக்கம் கலைந்து எழுந்தவர், ஓசை கிழக்கிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடும். எந்தத் தெருவில், எந்த வீட்டு வாசலில் என்று அவரால் சொல்ல இயலாது. புகை கலைவதற்குள் அங்குச் சென்றால்தான் இடமும் தெரியும். வெடித்தது இன்னதென்பதும் தெரியும்.

காமாக்கதிர் வெடிப்பின் நிலையும் அத்தகையதே. கண்ணுறு ஒளியைக் குவிப்பதுபோல் காமாக்கதிர்களை ஆடியால் குவித்துப் படமாக்க இயலாது. ஆகையால், அவை வந்த திசையைத் தோராயமாகவே அறிய முடிகிறது. அத்திசையில் பல்லாயிரம் விண்மீன் திரள்கள் இருக்கும். வெடிப்பு நிகழ்ந்த அதே இடத்தில் தோன்றி, நம் தொலைநோக்கிகளுக்குப் புலப்படும் ஒளியே அதன் 'ஒளியிணை' எனப்படும். அது கிடைத்தால் வெடிப்பு நிகழ்ந்த விண்மீன் திரளை அறியலாம்; திரளை அறிந்தால் தொலைவை அளக்கலாம்; ஒளியைப் பகுத்தால் அங்கு உருவான பொருள்களையும் இனங்காணலாம். காமாக்கதிர் வெடிப்பு என்பது வந்துபோன செய்தி. ஒளியிணையோ அச்செய்தி புறப்பட்ட முகவரி.

பின்னொளியைத் தேடிய ஆண்டுகள்

வெடிப்பிலிருந்து பீறிட்டெழும் பொருள், சுற்றியுள்ள வளிமத்தின்மீது மோதும்போது எக்ஸ் கதிர், கண்ணுறு ஒளி, ரேடியோ அலை ஆகிய வடிவங்களில் ஒளிர்வு எழும். அதனைப் 'பின்னொளிர்வு' என்பர். 1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த நெடிய வெடிப்பொன்றின் பின்னொளிர்வைப் பெப்போசாக்ஸ் என்னும் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் கண்டது; தரையிலிருந்த தொலைநோக்கிகள் கண்ணுறு ஒளியிலும் கண்டன. நெடிய வெடிப்புகள் பெருநிறை விண்மீன்களின் இறுதியோடு தொடர்புடையவை என்பது அடுத்து வந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று.

குறுகிய வெடிப்புகளோ எளிதில் பிடிபடவில்லை. அவற்றின் ஆற்றல் குறைவு, பின்னொளிர்வும் மங்கல். கருவிகள் திரும்புவதற்குள் ஒளி மங்கிவிடும். இக்குறையைப் போக்க, வெடிப்பை உணர்ந்தவுடன் தானே அத்திசைக்கு விரைந்து திரும்பும் ஆற்றலுடைய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் 2004 நவம்பரில் ஏவப்பட்டது. 2005 மே 9 அன்று ஒரு குறுகிய வெடிப்பின் எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வை அது முதன்முதலாகக் கண்டது. கிடைத்த எக்ஸ் கதிர்த் துகள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகின் பெருந்தொலைநோக்கிகள் அத்திசையை நோக்கித் திரும்பியும் ஒளியிணை கிட்டவில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. 2005 ஜூலை 9 அன்று மற்றொரு குறுகிய வெடிப்பை ஹெட்டி-2 என்னும் செயற்கைக்கோள் உணர்ந்தது. சிலி நாட்டின் லா சில்லா மலைமீதுள்ள 1.5 மீட்டர் டேனியத் தொலைநோக்கி எடுத்த படங்களில், நாளுக்கு நாள் மங்கிவந்த ஒளிப்புள்ளி ஒன்று காணப்பட்டது. சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடமும் அவ்விடத்தில் எக்ஸ் கதிர் ஊற்றைக் கண்டது. குறுகிய காமாக்கதிர் வெடிப்பொன்றுக்குக் கிடைத்த முதல் ஒளியிணை அதுவே. பெருநிறை விண்மீன் மடிந்திருந்தால் அவ்விடத்தில் மீயொளிர் விண்மீன் வெடிப்பு தோன்றியிருக்க வேண்டும். தொடர்ந்து நோக்கியும் அத்தகைய வெடிப்பு தோன்றவில்லை. ஆகவே, குறுகிய வெடிப்பின் தோற்றுவாய் வேறு என்னும் கருத்து உறுதிப்பட்டது.

தெரியுமா?
சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் 1999இல் விண்ணில் செலுத்தப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. விண்மீன்களின் இறுதிநிலையை ஆராய்ந்தவரின் பெயரைத் தாங்கிய கருவி, விண்மீன்களின் இறுதி மோதலை ஆராயத் துணைநின்றது.

ஊகம் சான்றாகும் காலம்

பெருநிறை விண்மீன் வெடித்தபின் எஞ்சும் செறிந்த உள்ளகமே நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட மிகுந்த நிறை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டைக்குள் அடங்கியிருக்கும். சென்னையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் சூரியனைத் திணித்ததுபோன்ற செறிவு அது. இத்தகைய இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவரும்போது ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து, மெல்ல மெல்ல நெருங்கி, இறுதியில் மோதி ஒன்றாகும். குறுகிய காமாக்கதிர் வெடிப்புகள் இம்மோதலிலிருந்து எழலாம் என்னும் கருத்து 1989இல் விரிவாக முன்வைக்கப்பட்டது. பொன் முதலிய கனமான தனிமங்கள் அம்மோதலில் உருவாகும் என்றும் கூறப்பட்டது.

அவ்வாறு உருவாகும் கதிரியக்கத் தனிமங்கள் சிதைவுறும்போது வெப்பம் வெளிப்படும். அதனால், சிதறிய பொருள் சில நாள்கள் ஒளிரும் என்று 1998இல் லி-சின் லி, போடன் பச்சின்ஸ்கி ஆகியோர் கணித்துரைத்தனர். நோவா என்னும் விண்மீன் வெடிப்பைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஒளிர்வதால், பின்னாளில் அதற்குக் 'கிலோநோவா' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 2013 ஜூன் 3 அன்று நிகழ்ந்த குறுகிய வெடிப்பை ஒன்பது நாள்களுக்குப் பின் ஹபிள் தொலைநோக்கி நோக்கியபோது, அகச்சிவப்பில் கூடுதல் ஒளிர்வு தென்பட்டது. கிலோநோவாவின் அடையாளமாக அது கருதப்பட்டது. ஆயினும், ஓர் ஒளிப்புள்ளியை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலவில்லை. மோதல் நிகழ்ந்தது என்பதற்கு நேரடிச் சான்று தேவைப்பட்டது.

2017 ஆகஸ்டு 17

அன்று இந்திய நேரப்படி மாலை 6.11 மணி. அமெரிக்காவிலுள்ள லைகோ ஈர்ப்பலை உணர்விகள், ஏறத்தாழ நூறு நொடிகள் நீடித்த ஈர்ப்பலையைப் பதிவுசெய்தன. அவ்வலை முடிந்த 1.7 நொடிகளில், ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறுகிய காமாக்கதிர் வெடிப்பைக் கண்டது. இரண்டும் ஒரே நிகழ்வின் இருவகைச் செய்திகள் என்பதை வானியலாளர்கள் விரைவில் உணர்ந்தனர்.

இடத்தைக் கண்டறிவதில் இடர்ப்பாடு எழுந்தது. லிவிங்ஸ்டனிலுள்ள உணர்வியின் பதிவில், அலை வந்த அதே வேளையில் ஓர் இரைச்சல் குறுக்கிட்டிருந்தது. அதனை நீக்கிய பின்னரே அப்பதிவைப் பயன்படுத்த முடிந்தது. இத்தாலியிலுள்ள விர்கோ உணர்வியோ அவ்வலையை மிக மங்கலாகவே உணர்ந்திருந்தது. இஃது ஒரு குறைபோலத் தோன்றினும், அதுவே வழிகாட்டியாக அமைந்தது. ஒவ்வோர் உணர்விக்கும் நன்கு உணர இயலாத சில திசைகள் உண்டு. விர்கோ மங்கலாக உணர்ந்தது என்றால், அலை அத்தகைய திசையிலிருந்தே வந்திருக்க வேண்டும். இவ்வாறு மூன்று பதிவுகளையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் தேடவேண்டிய பரப்பை வரையறுத்தனர். ஃபெர்மி காட்டிய பரப்பு ஆயிரம் சதுரப் பாகைக்கு மேற்பட்டது. இப்போது அது ஏறத்தாழ முப்பது சதுரப் பாகையாகச் சுருங்கியது. அதுவும் சிறிதன்று, முழுநிலவின் பரப்பைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு.

அப்பரப்பு தென்வானில், சூரியனுக்கு அணித்தாக இருந்தது. சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் அதுவும் அடிவானத்தில் மறைந்துவிடும். சிலியிலோ அப்போது பகல். கதிரவன் மறையும் வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. மறைந்த பின்னரோ காத்திருக்க நேரமில்லை.

ஒரு மீட்டர்த் தொலைநோக்கி கண்டது

காத்திருந்த நேரத்தை அறிவியலாளர்கள் வீணாக்கவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தைச் சேர்ந்த ரயன் ஃபோலியும் அவர்தம் குழுவினரும் பெரிய தொலைநோக்கியை உடையவரல்லர். அவர்கள் பயன்படுத்தியது, சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையிலுள்ள ஸ்வோப் என்னும் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி. அதன் பார்வைப் பரப்போ சிறியது. முப்பது சதுரப் பாகையையும் அதனால் ஓரிரவில் துருவ இயலாது.

அவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். நிகழ்வு ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நடந்தது என்பதை ஈர்ப்பலையே தெரிவித்திருந்தது. ஆகவே, அத்திசையில், அத்தொலைவில் உள்ள விண்மீன் திரள்களை மட்டும் பட்டியலிட்டனர். மோதல் நிகழ வாய்ப்பு மிகுந்தவற்றை முதலில் வைத்து, ஒவ்வொன்றாகப் படமெடுக்கத் தொடங்கினர். வானம் முழுவதையும் வலைவீசித் தேடாமல், எண்ணித் துணிந்த இடங்களில் மட்டும் தேடினர்.

அப்படங்களை உடனுக்குடன் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சார்லஸ் கில்பாட்ரிக். ஹைட்ரா விண்மீன் குழுவின் திசையிலுள்ள என்ஜிசி 4993 என்னும் திரளின் படத்தில், முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி இருப்பதைக் கண்டார். ஈர்ப்பலை வந்து ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகியிருந்தது. இந்தியாவில் அப்போது மறுநாள் விடியற்காலை 5.03 மணி.

ஸ்வோப் எடுத்த படத்திற்குப் பின் ஒரு மணி நேரத்திற்குள், மேலும் ஐந்து குழுக்களின் தொலைநோக்கிகளும் அப்புள்ளியைத் தனித்தனியே படம்பிடித்திருந்தன. ஒருவர் கண்டதை மற்றவரும் கண்டமையால் ஐயம் அகன்றது. செய்தி உலகெங்கும் பரவியது. தரையிலும் விண்ணிலுமாக ஏறத்தாழ எழுபது ஆய்வுக்கூடங்கள் அவ்விடத்தை நோக்கின. ஒன்பதாம் நாளில் சந்திரா எக்ஸ் கதிரைக் கண்டது. பதினாறாம் நாளில் ரேடியோ அலையும் கண்டறியப்பட்டது. புணேவுக்கு அருகிலுள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியும் இவ்வாய்வில் பங்குபெற்றது.

தெரியுமா?
ஸ்வோப் தொலைநோக்கி, அமெரிக்க வானியலாளர் ஹென்ரியட்டா ஸ்வோப் என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கியது. லாஸ் கம்பனாஸ் மலையில் தொலைநோக்கி அமைக்க அவர் நிதி வழங்கினார்.

நீலம் சிவப்பான கதை

முதலிரவில் அவ்வொளி நீலமாக இருந்தது. சில நாள்களுக்குள் அது சிவந்து, மங்கி, அகச்சிவப்பில் மட்டும் எஞ்சியது. சாதாரண மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் இத்துணை விரைவாக மாறுவதில்லை. மோதலில் சிதறிய பொருள் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான வேகத்தில் விரிந்து, விரைந்து குளிர்ந்ததே இதற்குக் காரணம். கனமான தனிமங்கள் நீல ஒளியைத் தடுத்துச் சிவப்பொளியை மட்டும் வெளியே விடும். எனவே, சிவந்த அந்நிறமே கனத் தனிமங்கள் உருவானதற்குச் சான்றாயிற்று. அவ்வொளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமத்தின் தடத்தை 2019இல் அறிஞர்கள் இனங்கண்டனர். நம் இல்லங்களில் அணியும் பொன்னின் பிறப்பிடங்களுள் ஒன்று நியூட்ரான் விண்மீன்களின் மோதல் என்னும் கருத்து இதனால் பெரிதும் வலுப்பெற்றது.

ஒளியிணை கிட்டியதால் வேறு பயன்களும் விளைந்தன. 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்தும் ஈர்ப்பலையும் காமாக்கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்தமையால், இரண்டும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பது மிக நுட்பமாக உறுதிப்பட்டது. ஈர்ப்பலை தந்த தொலைவையும் திரள் நம்மைவிட்டு விலகும் வேகத்தையும் சேர்த்து, அண்டம் விரிவடையும் வீதத்தைப் புதியதொரு முறையில் கணக்கிட்டனர். திரள் எதுவென்று தெரியாதிருப்பின் இக்கணக்கீடு இயன்றிருக்காது.

முடியாத தேடல்

ஒரு விடை கிடைத்ததும் புதிய வினா பிறப்பது அறிவியலின் இயல்பு. 2021 டிசம்பர் 11 அன்று ஒரு காமாக்கதிர் வெடிப்பு ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தது. கால அளவால் அது நெடிய வெடிப்பு. ஆயினும், அதனைத் தொடர்ந்து தோன்றியது கிலோநோவாவின் ஒளி. நைனிதாலுக்கு அருகிலுள்ள தேவஸ்தலின் 3.6 மீட்டர்த் தொலைநோக்கியும் அதனை நோக்கிய கருவிகளுள் ஒன்று. கால அளவை மட்டும் கொண்டு வகுத்த எல்லைக்கோடு முழுமையானதன்று என்பதை அவ்வொளி உணர்த்தியது. ஒளியிணையைத் தேடாதிருந்தால் அவ்வெடிப்பு, நெடியவற்றுள் ஒன்றாகப் பட்டியலில் உறங்கியிருக்கும்.

மகாராட்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா உணர்வியை அமைக்க நடுவண் அரசு 2023இல் ஒப்புதல் அளித்துள்ளது. உணர்விகள் பெருகினால், தேடவேண்டிய வான்பரப்பு மேலும் சுருங்கும். ஒளி மங்குமுன் தொலைநோக்கிகள் அவ்விடத்தை அடையலாம்.

இத்தேடலின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? 2005இல் முதல் ஒளியிணையைக் காட்டியது 1.5 மீட்டர்த் தொலைநோக்கி. 2017இல் காட்டியது ஒரு மீட்டர்த் தொலைநோக்கி. அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய கருவிகள் அப்போதும் இருந்தன. ஆயினும், கருவியின் அளவு மட்டுமே கண்டுபிடிப்பைத் தந்துவிடுவதில்லை. எங்கே பார்ப்பது என்னும் தெளிவு, உரிய நேரத்தில் பார்க்கும் விரைவு, முன்னரே எடுத்துவைத்த படங்களோடு ஒப்பிடும் பொறுமை, அறிந்ததை மறைக்காமல் பகிரும் பண்பு ஆகிய நான்கும் கூடியபோதே அவ்வொளி அகப்பட்டது. அம்மோதல் நிகழ்ந்த காலத்தில் பூமியில் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. அவ்வொளி வந்தடைந்த மாலையில், அதனைக் காண ஆயத்தமாக மனிதர் இருந்தனர். கற்றலின் பயன் அந்த ஆயத்தநிலையே.

கலைச்சொல் அறிவோம்

ஒளியிணை – காமாக்கதிர் வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் தொலைநோக்கிக்குப் புலப்படும் ஒளி
பின்னொளிர்வு – வெடிப்பில் பீறிட்ட பொருள் சுற்றுப்புற வளிமத்தில் மோதுவதால் எழும் ஒளிர்வு
நியூட்ரான் விண்மீன் – பெருநிறை விண்மீன் வெடித்தபின் எஞ்சும் செறிந்த உள்ளகம்
ஈர்ப்பலை – பெருநிறைப் பொருள்களின் இயக்கத்தால் வெளியில் பரவும் அதிர்வு
கிலோநோவா – நியூட்ரான் விண்மீன் மோதலில் உருவான கதிரியக்கத் தனிமங்களால் எழும் ஒளிர்வு

கற்பவை கற்றபின்

1. தெளிந்த இரவொன்றில் வானின் ஒரு பகுதியை வரைந்து, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மீண்டும் வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
2. 'அறிவியல் வளர்ச்சிக்குத் தேவை போட்டியா, பகிர்வா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

குறுவினா

1. வேலா செயற்கைக்கோள்கள் எந்நோக்கத்திற்காக ஏவப்பட்டன?
2. காமாக்கதிர் வெடிப்புகள் எவ்வடிப்படையில் இருவகையாகப் பகுக்கப்பட்டன?

சிறுவினா

1. விர்கோ உணர்வி அலையை மங்கலாக உணர்ந்தது, தேடலுக்கு எவ்வாறு துணைநின்றது?
2. கிலோநோவாவின் நிறமாற்றம் உணர்த்தும் உண்மையை விளக்குக.

நெடுவினா

ஸ்வோப் தொலைநோக்கிக் குழுவினர் ஒளியிணையைக் கண்டறிந்த முறையை விவரித்து, அதிலிருந்து நீவிர் பெறும் படிப்பினையைக் கட்டுரைக்க.